பிறர் நோய் தீர்ப்போரின் பணிச்சோர்வும் மனவிழிப்புப் பயிற்சியும்

தகடூர் எனப் பண்டு வழங்கிய ஊரே இன்றைய தருமபுரி. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நெடுநாள் வாழ்விக்கும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான் என்னும் செய்தியைத் தமிழ் பயின்றோர் அனைவரும் அறிவர். தன் வாழ்நாளைப் பிறர்க்கு வழங்கும் அக்கொடையை நாம் போற்றுகிறோம். ஆயின் அக்கொடையை ஒருவரிடமிருந்து நாள்தோறும், இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில் எதிர்பார்ப்போமாயின் அது அறமாகுமா? இவ்வினா அரசனைப் பற்றியதன்று. அரசு மருத்துவமனையின் இரவுப் பணியில் நிற்கும் செவிலியரையும், மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனித்திருக்கும் இளம் மருத்துவரையும், பேறுகாலப் பெண்ணை அழைத்துவர மலைப்பாதையில் ஏறும் கிராம சுகாதார செவிலியரையும் பற்றியது.

நோயாளியின் துன்பத்தைப் பற்றி நம்மிடையே நூல்கள் பல உள. நோய் தீர்ப்பவரின் துன்பத்தைப் பற்றி நாம் பேசுவது அரிது. வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவரும் மருத்துவரும் மருந்தும் ஆகிய மூன்றோடு நில்லாது, அருகிருந்து மருந்தளித்துப் பேணுபவரையும் நான்காவதாக எண்ணினார். அந்நான்கில் இரண்டு, தொண்டு புரியும் மாந்தராதல் கருதத்தக்கது. அவ்விருவரும் தளர்ந்தால் எஞ்சிய இரண்டும் பயன்படா. அத்தளர்ச்சி யாது, அதனைக் குறைக்க இன்று உலகெங்கும் பேசப்படும் மனவிழிப்புப் பயிற்சி எந்த அளவுக்கு உதவும், எந்த இடத்தில் அது போதாது என்பவற்றை நம் மாவட்டத்தை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

களைப்பு வேறு, பணிச்சோர்வு வேறு

நாள் முழுதும் உழைத்தவர் இரவில் களைத்துப்போவது இயல்பு. நன்கு உறங்கி எழுந்தால் அக்களைப்பு நீங்கும். உறங்கி எழுந்தபின்னும், விடுமுறை கழிந்தபின்னும் நீங்காது உள்ளத்தில் படிந்துவிடும் தளர்ச்சி ஒன்றுண்டு. ஆங்கிலத்தார் அதனைப் 'பர்ன் அவுட்' என்பர். எரிந்து தீர்தல் என்பது அச்சொல்லின் பொருள். எண்ணெய் வற்றிய விளக்கில் திரியே கருகுவது போன்ற நிலை அது. நாம் அதனைப் பணிச்சோர்வு எனக் குறிப்போம்.

இச்சொல்லை அறிவுலகில் நிலைநிறுத்தியவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் என்னும் உளவியலறிஞர். நியூயார்க் நகரில் ஏழைகளுக்கென நடந்த இலவச மருத்துவமனை ஒன்றில் ஊதியமின்றித் தொண்டாற்றிய இளைஞர்கள் சில காலத்துக்குள் ஊக்கம் குன்றி ஒதுங்குவதை அவர் கண்டார். 1974-இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். பணிச்சோர்வு சோம்பேறிகளுக்கு வரும் குறையன்று என்பது இதனால் விளங்கும். மிகுந்த ஆர்வத்தோடு பணிக்கு வந்தவரையே அது முதலில் பற்றுகிறது.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியை கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்பவருடன் இணைந்து 1981-இல் இச்சோர்வை அளக்கும் வினாநிரல் ஒன்றை வகுத்தளித்தார். அதன்படி பணிச்சோர்வுக்கு மூன்று முகங்கள் உண்டு. முதலாவது, உள்ளத்தின் ஆற்றல் வற்றிப்போதல். இரண்டாவது, எதிரில் இருப்பவரை மனிதராகக் காணாது, படுக்கை எண்ணாகவும் நோயின் பெயராகவும் காணும் மரத்த நிலை. மூன்றாவது, தாம் செய்யும் பணியால் யாதொரு பயனும் இல்லை என்னும் எண்ணம். பிறர்க்கு வெளியில் தெரிவது பெரும்பாலும் இரண்டாவது முகமே. "அந்த நர்ஸம்மா எரிந்து விழுகிறார்" என்று ஊரார் குறை கூறும்போது, அவ்வெரிச்சலுக்குப் பின்னால் மற்ற இரண்டு முகங்களும் மறைந்திருக்கக் கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு 2022 சனவரி முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு பணிச்சோர்வைச் சேர்த்துள்ளது. அதனை ஒரு நோய் என்று அந்நூல் கூறவில்லை. பணியிடத்தில் நீடித்து, முறையாகக் களையப்படாத அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுக்கிறது. இவ்வரையறை பெரிதும் கருதத்தக்கது. குறை தனிமனிதரின் நெஞ்சுறுதியில் மட்டும் இல்லை, பணி அமைந்துள்ள முறையிலும் உள்ளது என்பதை அது சொல்லாமற் சொல்கிறது.

நம் மாவட்டத்தின் சுமை

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2-ஆம் நாள் பிரிந்து தனி மாவட்டமானது தருமபுரி. 2004-இல் கிருட்டிணகிரி இதிலிருந்து பிரிந்தது. எஞ்சிய நிலப்பரப்பில் வத்தல்மலை, சித்தேரி மலை, பென்னாகரத்தை அடுத்த மலையூர்கள் எனப் பல இடங்கள் எளிதிற் செல்லற்கரியன. பென்னாகரம் பகுதியிலுள்ள கோட்டூர் மலைக்குத் தேர்தல் காலங்களில் வாக்குப்பதிவு எந்திரங்கள் கழுதைகளின்மீது ஏற்றிச் செல்லப்பட்டதை நாளேடுகள் படத்துடன் வெளியிட்டன. எந்திரம் ஐந்தாண்டுக்கு ஓரிரு முறை ஏறினால் போதும். தடுப்பூசிப் பெட்டியைச் சுமக்கும் செவிலியர் அப்படி இருந்துவிட முடியாது.

துணை சுகாதார நிலையம் ஒன்றுக்குச் சமவெளியில் 5000 பேரும் மலைப்பகுதியில் 3000 பேரும் என்பது அரசு வகுத்த அளவு. மலையில் எண்ணிக்கை குறைவு. ஆயினும் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஏற்றமும் இறக்கமும் உண்டு. கருவுற்றோர் பதிவு, தடுப்பூசி, குழந்தை எடை, குடும்பநலம், கணினிப் பதிவு எனப் பணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அண்டை மாவட்டமான கிருட்டிணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டு சேர்க்கிறது. அதனை வீடு வீடாக எடுத்துச் செல்பவரில் பலர் பெண்கள். பணி முடித்து இல்லம் திரும்பியதும் அவர்களுக்கு அடுப்பங்கரையில் இரண்டாவது பணி காத்திருக்கிறது.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் தொடங்கப்பெற்றது. மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் இறுதி நம்பிக்கையாக நோயாளிகள் வந்து சேரும் இடம் அதன் மருத்துவமனையே. 2014 நவம்பரில் அங்குள்ள பச்சிளங்குழந்தைகள் பிரிவில் சில நாள்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தமை நாட்டையே உலுக்கியது. எடைக்குறைவும் மூச்சுத்திணறலும் காரணங்களாகக் கூறப்பட்டன. அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. குழந்தையை இழந்த தாயின் துயரத்துக்கு ஈடு எதுவுமில்லை. எனினும் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அத்தகைய பிரிவில் பணிபுரிவோர் மறுநாள் காலையும் அதே அறைக்குள்ளேயே நுழைய வேண்டும். அடுத்த தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் மெல்லிய நரம்பைத் தேடி ஊசியேற்றும்போது கை நடுங்கலாகாது. நேற்றைய துயரை ஆற்றிக்கொள்ள அவர்களுக்கு இடம் எது? நேரம் எது?

மனவிழிப்பு என்பது யாது?

இவ்விடத்திலேயே மனவிழிப்புப் பயிற்சி பேசப்படுகிறது. ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' எனப்படும் இதனைச் சிலர் நினைவாற்றல் என மொழிபெயர்க்கின்றனர். நினைவாற்றல் என்பது கற்றதை நினைவில் நிறுத்தும் திறன் ஆதலின் அச்சொல் பொருந்தாது. இக்கணத்தில் நிகழ்வதை, உடலில் எழும் உணர்வை, உள்ளத்தில் ஓடும் எண்ணத்தை, நன்று தீது என உடனே தீர்ப்பளிக்காது விழித்திருந்து நோக்குதலே மனவிழிப்பு.

சான்றொன்று காண்போம். புறநோயாளிப் பிரிவில் எண்பதாவது நோயாளி வந்து அமர்கிறார். மருத்துவரின் உள்ளமோ காலையில் பார்த்த ஆபத்தான நோயாளியிடம் பாதியும், மாலையில் அனுப்ப வேண்டிய அறிக்கையிடம் பாதியுமாகச் சிதறிக் கிடக்கிறது. எதிரில் இருப்பவர் கூறும் சொல் காதில் விழுகிறது, கருத்தில் பதியவில்லை. "என் மனம் இங்கே இல்லை" என்பதை அவரே உணர்ந்து, ஒரு மூச்சளவு நின்று, எதிரில் இருப்பவரிடம் மீள்வாராயின் அதுவே மனவிழிப்பு. மனம் அலையாதிருத்தல் இதன் இலக்கன்று. அலைந்ததை அறிந்து திரும்புதலே இதன் இலக்கு.

இதன் வேர்கள் பௌத்தத் தியான மரபில் உள்ளன. எனினும் மருத்துவமனைகளில் கற்பிக்கப்படும் முறை எச்சமயச் சடங்கையும் நம்பிக்கையையும் சாராதது. மூலக்கூற்று உயிரியலில் பட்டம் பெற்ற ஜான் கபட் சின் என்பவர் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், தீராத வலியால் வருந்தும் நோயாளிகளுக்கென இதனை எட்டு வாரப் பாடமாக வகுத்தார். எச்சமயத்தவராயினும் தத்தம் நம்பிக்கையில் நின்றவாறே இதனைப் பயிலலாம். வழிபாட்டில் உள்ளத்தை ஒருமுகப்படுத்தப் பழகியவர்களுக்கு இது முற்றிலும் அயலான பயிற்சியாகத் தோன்றாது.

நோய் தீர்ப்பவர் முதலில் தம்மைப் பேணவேண்டும் என்னும் கருத்தும் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அர்ருஹாவி அரபு மொழியில் இயற்றிய 'அதபுத் தபீப்' என்னும் மருத்துவ ஒழுக்க நூல், மருத்துவர் தம் உடலைப் பேணும் முறையையும் ஓர் இயலாக விரித்துரைக்கிறது. மருத்துவரின் நலம் மருத்துவ அறத்தின் ஒரு பகுதி என அன்றே கண்டனர்.

பயிற்சி நடைபெறும் முறை

எட்டு வாரப் பாடத்தில் வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர அளவில் கூடுவர். இடையில் ஒரு நாள் முழுதும் அமைதியில் கழிப்பர். நாள்தோறும் இல்லத்தில் முக்கால் மணி நேரம் பயில்வர். உச்சி முதல் உள்ளங்கால் வரை உடலின் ஒவ்வோர் உறுப்பிலும் கவனத்தை மெல்ல நகர்த்துதல், மூச்சு வந்து செல்வதை நோக்குதல், மெல்ல நடந்து ஒவ்வோர் அடியையும் உணர்தல், எளிய உடலசைவுகள் ஆகியன இதன் உறுப்புகள்.

பணிச்சுமை மிக்க நம் செவிலியர்க்கு நாள்தோறும் முக்கால் மணி நேரம் கிடைப்பது அரிது. எனவே பணியின் நடுவிலேயே பழகத்தக்க சிறு வழிகளைக் கைக்கொள்ளலாம். நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கைகழுவுதல் மருத்துவப் பணியில் கட்டாயம். சோப்பும் நீரும் கொண்டு கழுவ 40 முதல் 60 நொடி வரை ஆகவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்நொடிகளில் நீரின் குளிர்ச்சியையும் கைகளின் அசைவையும் மட்டுமே உணர்ந்து, முந்தைய நோயாளியை மனத்தளவில் விடைகொடுத்தனுப்பி, அடுத்தவரிடம் செல்லலாம். இதற்கெனத் தனி நேரம் வேண்டியதில்லை. அவ்வாறே பேறுகால அறையின் கதவைத் திறக்குமுன் மூன்று மூச்சு நிதானித்தலும், கடுஞ்சொல் கேட்டவுடன் மறுமொழி கூறுமுன் பாதங்கள் தரையில் பதிந்திருப்பதை உணர்தலும் எளியன.

இவற்றால் விளையும் பயன் யாது? சினமும் அச்சமும் எழும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு குறுகும், தசைகள் இறுகும். அதனை அறியாதவர் அச்சினத்தின் வழியே பேசிவிடுவார். அறிந்தவருக்குச் சினத்துக்கும் சொல்லுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி கிடைக்கிறது. அவ்விடைவெளியில் தக்க சொல்லைத் தேர்ந்துகொள்ள முடிகிறது.

ஆய்வுகள் கூறுவன

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ராசெஸ்டர் பகுதியில் 70 முதல்நிலை மருத்துவர்களுக்கு இப்பயிற்சி அளிக்கப்பட்டது. எட்டு வாரப் பாடத்துக்குப்பின் மாதம் ஒருமுறையாகப் பத்து மாதங்கள் அவர்கள் கூடினர். மனவிழிப்போடு, தம் மருத்துவப் பணியில் நெஞ்சைத் தொட்ட நிகழ்ச்சிகளை எழுதியும் ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்தும் வந்தனர். கிராஸ்னர், எப்ஸ்டைன் முதலியோர் 2009-இல் வெளியிட்ட இவ்வாய்வில் பணிச்சோர்வு குறைந்ததும், நோயாளியின் துயரை உணரும் பரிவு மிகுந்ததும் பதிவாயின. ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி பெறாத மற்றொரு குழு இதில் இல்லாமை ஒரு குறை. இருப்பினும் கூடிப் பேசியதும் பயிற்சியின் பகுதியாக இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

மின்னசோட்டா மாநிலத்தின் மேயோ மருத்துவமனை வேறொரு வழியை நாடியது. அங்கு 74 மருத்துவர்களை இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்கு இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் பணிநேரத்திலிருந்தே ஒதுக்கப்பட்டது. அந்நேரத்துக்கும் ஊதியம் உண்டு. அவர்கள் சிறு குழுவாக அமர்ந்து பணியின் பொருளையும் இன்னல்களையும் உரையாடினர். ஒன்பது மாதம் நடந்த இம்முயற்சியின் முடிவு 2014-இல் வெளிவந்தது. நோயாளியை மனிதராகக் காணாத மரத்த நிலை, குழுவில் அமர்ந்தோரிடம் குறைந்திருந்தது.

தனித்தனி ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய பெருந்தொகுப்பு ஒன்று 2016-இல் 'லான்செட்' இதழில் வந்தது. பல்வகை முயற்சிகளின் பயனாக மருத்துவர்களிடையே பணிச்சோர்வு 54 விழுக்காட்டிலிருந்து 44 விழுக்காடாகக் குறைந்ததாக அது கணித்தது. மனப்பயிற்சியும் பயன் தந்தது, பணிமுறை மாற்றமும் பயன் தந்தது. அடுத்த ஆண்டு மான்செஸ்டர் ஆய்வாளர்கள் வெளியிட்ட மற்றொரு தொகுப்பு இவ்விரண்டையும் ஒப்பிட்டது. தனிமனிதர்க்குத் தரும் பயிற்சியைக் காட்டிலும் நிறுவனம் தன்னைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே மிகுந்த பயன் தருவதாக அது கண்டது.

பயிற்சியின் எல்லை

ஆய்வுகள் காட்டும் இம்முடிவு பொதுவறிவுக்கும் உடன்பாடே. முப்பத்தாறு மணி நேரம் உறங்காதவரை அமரச் செய்து மூச்சை நோக்கச் சொன்னால் அவர் உறங்கிவிடுவார். அவருக்கு வேண்டுவது உறக்கமே. பயிற்சியைத் தந்துவிட்டுப் பணிச்சுமையை அப்படியே விட்டுவைத்தல், ஓட்டைக் குடத்தைத் துலக்கி வைப்பதற்கு ஒப்பாகும். இன்னும் கூறப்போனால், "பயிற்சி தந்தோமே, பின்னும் ஏன் சோர்கிறீர்?" எனப் பழியையும் சோர்ந்தவர்மீதே சுமத்தும் தீங்கும் நேரலாம்.

அமெரிக்காவின் பென்சில்வேனிய மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா அய்க்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட முடிவு இதனை எண்களால் நிறுவுகிறது. செவிலியர் ஒருவர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடினாலும், அறுவை செய்யப்பெற்றோர் முப்பது நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியர் பணிச்சோர்வுறும் வாய்ப்பு 23 விழுக்காடும் உயர்ந்தன. செவிலியரின் சோர்வும் நோயாளியின் உயிரும் ஒரே கயிற்றில் பிணைந்துள்ளன என்பது இதனாற் புலனாகும்.

நம் நாட்டின் நிலை யாது? பட்டமேற்படிப்புப் பயிலும் உறைவிட மருத்துவர்களுக்குத் தொடர்பணி 12 மணி நேரத்துக்கும், வாரப்பணி 48 மணி நேரத்துக்கும் பொதுவாக மேற்படலாகாது என நடுவண் அரசு 1992-இலேயே நெறி வகுத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்துத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் தந்த பரிந்துரை, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்பதாகும். இவ்விரண்டு எண்களுக்கும் இடையேயுள்ள தொலைவே, ஏட்டில் எழுதிய நெறிக்கும் நடைமுறைக்கும் உள்ள தொலைவை உணர்த்தும்.

மாஸ்லாக்கும் அவர்தம் உடனாய்வாளர் லைட்டரும் 1997-இல் எழுதிய நூலில், பணிச்சோர்வு பிறக்கும் ஆறு வாயில்களைக் காட்டினர். அளவுமீறிய சுமை, தம் பணியில் தமக்கு உரிமையின்மை, உழைப்புக்கேற்ற மதிப்பின்மை, உடன்பணிபுரிவோரிடையே ஒற்றுமையின்மை, நடுநிலையின்மை, தம் நெஞ்சம் ஏற்காத செயலைச் செய்ய நேர்தல் என்பன அவை. மனவிழிப்புப் பயிற்சி இவ்வாயில்களை அடைக்காது. அவற்றின் வழியே வரும் துன்பத்தை எதிர்கொள்ளும் ஆற்றலை மட்டுமே அது ஓரளவு தரும். வாயில்களை அடைக்க வேண்டியவர்கள் பணியை அமைப்போரே.

சிட்லிங்கி காட்டும் வழி

அவ்வாயில்களை அடைக்க இயலுமா என வினவுவோர்க்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உள்ளது. அரூரிலிருந்து கிழக்கே கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கு சிட்லிங்கி. மலையாளி என்னும் பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் அங்கு வாழ்கின்றனர். 1990-களின் தொடக்கத்தில் அவர்களுக்கு அண்மை மருத்துவமனை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலும், அறுவை மருத்துவம் 100 கிலோமீட்டருக்கு அப்பாலும் இருந்தன. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்னரே இறந்தன.

திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் பணியாற்றிய மருத்துவ இணையர் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி ஆகியோர், தாங்கள் வாழ்நாள் பணியாற்றத்தக்க இடத்தைத் தேடி நாட்டின் பல பகுதிகளைச் சுற்றிப் பார்த்தனர். இறுதியில் சிட்லிங்கியைத் தேர்ந்து, 1993-இல் 'ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். கூரை வேய்ந்த குடிசையே அவர்களின் முதல் மருத்துவமனை. இன்று அது அறுவை அரங்கத்தோடு கூடிய மருத்துவமனையாக வளர்ந்துள்ளது. குழந்தை இறப்பு விகிதமும் முன்னிருந்ததில் ஒரு சிறு பகுதியாகக் குறைந்துள்ளது.

அவ்விருவரும் தனித்து அனைத்தையும் சுமக்க முயலவில்லை என்பதே இங்கு நாம் கருத வேண்டுவது. பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களுக்கே செவிலியர் பயிற்சி அளித்தனர். ஊர்தோறும் மக்கள் நம்பும் மூத்த பெண்களைத் தேர்ந்து, பேறுகாலப் பெண்ணையும் பச்சிளங்குழந்தையையும் அவர்கள் பார்வையில் வைத்தனர். ஆபத்து முற்றிய நிலையில் நள்ளிரவில் வந்து சேர வேண்டிய நோயாளி முன்கூட்டியே இனங்காணப்பட்டால் அவர் துன்பமும் குறைகிறது, மருத்துவமனையில் காத்திருப்போரின் சுமையும் குறைகிறது. நோயின் வேர் வறுமையிலும் உணவிலும் இருப்பதைக் கண்டு, இயற்கை வேளாண்மைக்கும் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் கலைக்கும் துணைநின்றனர். இளம் மருத்துவர்கள் ஊரக மருத்துவமனைகளில் தங்கிப் பணியை உணரும் ஏற்பாட்டுக்கும் வழிவகுத்தனர்.

மாஸ்லாக் காட்டிய ஆறு வாயில்களையும் இதனோடு ஒப்பிட்டு நோக்குக. சுமை பகிரப்பட்டது. பணியை அமைக்கும் உரிமை பணிபுரிவோர் கையில் இருந்தது. மக்களின் மதிப்பு கிட்டியது. உடன்பணிபுரிவோர் அவ்வூர் மக்களாகவே அமைந்தனர். செய்யும் செயலும் நெஞ்சின் நம்பிக்கையும் ஒன்றாயின. இது மனவிழிப்புப் பாடம் நடத்திப் பெற்ற பயன் அன்று. பணியையே சீராக அமைத்ததன் பயன். அத்தகைய மண்ணில் விதைக்கப்படும் மனப்பயிற்சியே நன்கு முளைக்கும். எல்லா ஊர்களும் சிட்லிங்கி ஆகிவிட முடியாது. ஆயினும் சுமையைப் பகிர்தல் என்னும் நெறி எவ்வூர்க்கும் பொருந்தும்.

நாம் செய்யத்தக்கன

மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் அறக்கட்டளை வழியாக நடத்தும் பெரியோர் மேயோ மருத்துவமனையின் முறையைக் கருத்திற் கொள்ளலாம். மாதம் இருமுறை, ஒரு மணி நேரம், பணிநேரத்திலேயே செவிலியரும் மருத்துவரும் துப்புரவுப் பணியாளரும் ஒன்றாக அமர்ந்து மூச்சுப் பயிற்சி செய்யவும் மனந்திறந்து பேசவும் இடமளிக்கலாம். அந்நேரத்தைப் பணிநேரத்தோடு கூடுதலாகச் சுமத்தினால் பயிற்சியே புதிய சுமையாகிவிடும். இரவுப் பணி முடித்தவர் வீடு சென்று உறங்குவதை உறுதிசெய்வதும் இதில் அடங்கும்.

நோயாளியின் உறவினராகச் செல்லும் நமக்கும் கடமை உண்டு. ஒரு நோயாளிக்குப் பத்துப் பேர் சூழ்ந்து நிற்றலும், இறப்பு நேர்ந்தவுடன் கைகலப்பில் இறங்குதலும் பணிபுரிவோரின் உள்ளத்தில் அச்சத்தை நிலையாக ஊன்றுகின்றன. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குத் தண்டனை வழங்கத் தமிழகம் 2008-இல் தனிச் சட்டமே இயற்றியது. சட்டம் தண்டிக்கலாம், நன்றியைக் கற்பிக்க இயலாது. துயரம் பொங்கும் வேளையில் இரு தரப்பாரையும் அமைதிப்படுத்த ஊர்ப்பெரியவர் ஒருவர் உடனிருப்பது பல சட்டங்களுக்கு ஈடாகும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலரின் அக்காளோ தங்கையோ செவிலியர் பயிற்சியில் இருக்கலாம், உடன்பயின்ற நண்பர் மருத்துவக் கல்லூரியில் இருக்கலாம். "நலமா?" என்று வினவுவதோடு நில்லாது "உறங்கினாயா? உண்டாயா?" என்றும் வினவுங்கள். பணிச்சோர்வு முற்றி, வாழ்வில் பற்றற்ற எண்ணமும் ஆழ்ந்த துயரும் நீடிக்குமாயின் அது மனவிழிப்புப் பயிற்சியால் மட்டும் தீராது. மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசு சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்களை அமைக்கும் 'மனம்' திட்டமும் அவ்வாண்டு டிசம்பரிலேயே தமிழகத்தில் தொடங்கப்பெற்றது. உதவி நாடுதல் இழுக்கன்று. பிறர் நாடியைப் பார்ப்பவருக்கும் நாடித்துடிப்பு உண்டு.

முடிவாக, மனவிழிப்புப் பயிற்சி நல்லதொரு துணை. சினத்துக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி தருகிறது. சிதறிய கவனத்தை நோயாளியிடம் மீட்டுத் தருகிறது. ஆயின் அதனைப் பயிலவும் நேரம் வேண்டும், பயன்படுத்தவும் ஓய்ந்த உடல் வேண்டும். அவ்விரண்டையும் வழங்கும் கடமை அரசுக்கும் நிறுவனத்துக்கும் சமுதாயத்துக்கும் உரியது. நம்மைப் பேணுவோரை நாம் பேணுவோமாயின், மலையூரில் நள்ளிரவில் வலியெடுத்த பெண்ணுக்குக் கதவைத் திறக்கும் கை தளராது, அவளை வரவேற்கும் முகமும் வாடாது.